வீட்டு மொழிச் சான்றிதழ்

பாரிஸ் மாநகரில் தமிழ்ப் பெற்றோர் அளவுக்குப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிச் சிந்திப்பவர்கள் வேறு எவரும் இல்லை என்பதைப் பிரெஞ்சுக் குடியரசின் சார்பிலேயே அறிவிக்க நான் தயார். மற்றவர்கள் பிள்ளை பெறுகிறார்கள், பள்ளிக்கு அனுப்புகிறார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நாங்கள் அப்படியா? நாங்கள் கூட்டம் போடுகிறோம்.

குடியரசின் சார்பில் பேச நீ யார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பெயர் சுப்ராயன். சொந்த ஊர் புதுச்சேரி. ஒரு நகராட்சி அலுவலகத்தில் நான்காவது கவுண்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். என் முத்திரை விழாமல் இந்த வட்டாரத்தில் யாரும் சட்டப்படி பிறந்ததும் இல்லை, செத்ததும் இல்லை. என் மனைவியும் எங்கள் ஊர்தான், பெயர் மரியான். குடியரசின் சிலைக்கும் அதே பெயர்தான். இருவருக்கும் நான் கட்டுப்பட்டவன். எங்களுக்கு ஒரே மகள், ஆலீஸ். பத்து வயது.

ஆலீஸ் ‘அமைதியான’ பிள்ளை. அவளுடைய பள்ளி அறிக்கையில் மூன்று வருடமாக ஒரே வாக்கியம் வந்துகொண்டிருந்தது: “நல்ல மாணவி. வாய் திறந்து பேசத் துணிய வேண்டும்.” நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வாய் திறப்பவர்களைத்தான் நாள் முழுக்கக் கவுண்டரில் பார்க்கிறேனே! மரியான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

“இருபத்தெட்டு பிள்ளைங்க நடுவுல அவ காணாமப் போறா” என்றாள். “வர்ற செப்தாம்பர்ல கொலேஜ். அங்க முப்பது பேரு. ஒரு வருஷம் பேசாம உக்காந்திருந்தாகூட யாருக்கும் தெரியப் போறதில்ல. எனக்கு பயமா இருக்கு.”

சொல்லிவிட்டு ஒரு மடித்த காகிதத்தை என் முன்னால் வைத்தாள். ரூ பஜோல் என்ற தெருவுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி, பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் மூன்று வருடம் முன்பு ஒரு புதிய கொலேஜ் திறந்திருந்தார்கள். கொலேஜ் என்றால் இந்த நாட்டில் பதினொரு வயதில் சேர்ந்து பதினைந்தில் வெளியேறும் பள்ளி. இது அரசாங்கப் பள்ளிதான். கட்டணம் கிடையாது. ஆனால் அரசாங்க விதிகளில் பாதியைக் கடைப்பிடிக்க வேண்டாம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. பெயர், ‘கொலேஜ் எக்ஸ்பெரிமாந்தால்’. ஒரு வகுப்புக்குப் பதினைந்தே பிள்ளைகள். விதியை மீறுவதற்கு ஒரு விதி! அதற்கு ஓர் எண், தேதி, கையெழுத்து! படிக்கப் படிக்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“பதினஞ்சு பேர் இருந்தா யாராவது ஒருத்தர் அவள ஒரு கேள்வி கேப்பாங்க” என்றாள் மரியான். “அது போதும் எனக்கு.”

இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு தகப்பன் தனியாக முடிவு செய்வது சர்வாதிகாரம். ஆகவே ‘லா ஷப்பேல் தமிழ்ப் பெற்றோர் கல்வி ஆலோசனைக் கொமித்தே’யைக் கூட்டினேன். பதினொரு குடும்பங்கள் அங்கம் வகிக்கும் இந்த மாமன்றத்தின் தலைமையகம், குலசேகரம் அண்ணையின் மளிகைக் கடைப் பின்கட்டு. அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். ஓல்னே-சூ-புவா என்ற புறநகரில் வீடு, இங்கே கடை. அவர் மகள் ஆர்த்திகாவும் ஆலீஸும் ஒரே வயது. கொமித்தேயின் தொழில்நுட்பப் பிரிவு ஹரிஹரசுதன். கோயம்புத்தூர்க்காரர், கணினி நிறுவனத்தில் மேலாளர். அவர் மகன் கிருத்திக்கும் அதே வயது. கூட்டத்துக்கு வந்தவர்கள் அரிசி மூட்டைகளின் மேல் அமர்ந்தார்கள். சம்பா மூட்டை தலைவரான எனக்கு.

குலசேகரம் அண்ணை காகிதத்தைக் கையில் வாங்கினார். பழக்கதோஷம், அப்படியே தராசில் வைத்தார். முப்பத்தைந்து கிராம்.

“பள்ளியை எடைபோட்டாச்சு” என்றார் ஹரிஹரசுதன். “நெக்ஸ்ட்?”

“எக்ஸ்பெரிமாந்தால் எண்டா பரிசோதனை எல்லே?” அண்ணையின் குரல் உயர்ந்தது. “என்ரை பெட்டையிலை ஒருத்தரும் பரிசோதனை செய்யத் தேவையில்லை. முதலிலை வெள்ளையளின்ரை பிள்ளையளிலை செய்து பாக்கட்டும்!”

“அண்ணே, அவங்கதான் க்யூல நிக்கிறாங்க. நான் செக் பண்ணிட்டேன். போன வருஷம் அறுபது சீட்டுக்கு நானூறு அப்ளிகேஷன். குலுக்கல் போட்டுத்தான் எடுத்திருக்காங்க. மரப்பெட்டி வெச்ச சைக்கிள்ல பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு தாடிக்காரங்க போவாங்களே, அவங்கதான் முக்கால்வாசி.”

அண்ணை காகிதத்தைத் தராசிலிருந்து எடுத்தார். வேட்டி நுனியில்லாத குறைக்கு ஏப்ரனில் துடைத்தார்.

“அப்பிடியெண்டா எங்கடை பிள்ளையளிலையும் செய்யட்டும்” என்றார்.

தீர்மானம் எண் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்து ஹரிஹரசுதன் மடிக்கணினியைத் திறந்து, பள்ளிகளை ஒப்பிடும் அட்டவணையைக் காட்டினார். இருபத்தேழு பத்திகள். கழிப்பறை, கணக்குப் பாடம், கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், எல்லாவற்றுக்கும் மதிப்பெண். ஒரே ஒரு பத்திக்கு மட்டும் நாற்பது சதவிகிதம் கொடுத்திருந்தார். தலைப்பு, ‘சக மாணவர் தரம்’.

“அது எப்பிடி அளக்கிறது?” என்று கேட்டார் அண்ணை.

“சிம்பிள். நம்ம ஆளுங்க எத்தனை பர்சன்ட்னு பாக்கிறது. கம்மியா இருந்தா நல்ல ஸ்கூல்.”

அரிசி மூட்டைகளில் அமர்ந்திருந்த நம்ம ஆளுகள் பதினொரு குடும்பத்தாரும் ‘அதானே’ என்று தலையாட்டினோம். புதுக் கொலேஜில் நம்ம ஆளுகள் பூஜ்யம். அட்டவணையில் அது முதலிடம் பிடித்தது.

பெற்றோர்களுக்குப் பள்ளியைத் திறந்து காட்டும் நாளன்று பதினொரு குடும்பமும் படையெடுத்தோம். தலைமையாசிரியை வாசலுக்கே வந்து கைகொடுத்தார். காலில் கான்வாஸ் செருப்பு. “என்னை ஷார்லோத் என்றே கூப்பிடுங்கள்” என்றார். தலைமையாசிரியையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா! நாக்கு கூசியது. ‘மதாம் லா பிரின்சிபால் ஷார்லோத்’ என்று சமாளித்தேன்.

அவர் பிரெஞ்சில் சொன்னதன் சாரம்: இங்கே மணி அடிப்பதில்லை. மதிப்பெண் கிடையாது. பாடம் வந்துவிட்டால் பச்சை, வந்துகொண்டிருந்தால் மஞ்சள், இன்னும் வரவில்லை என்றால் ஆரஞ்சு.

மதிப்பெண் கிடையாது என்றதும் எங்கள் கூட்டத்தில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

“அப்போ ரேங்க்?” என்று கேட்டார் ஹரிஹரசுதன்.

“அதுவும் இல்லை.”

“பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். எங்களுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லலாமே?”

“எங்களிடமே இல்லை, முசியே.”

குலசேகரம் அண்ணை என் காதருகே குனிந்தார். “தம்பி, பச்சையிலை எது முதலாம் பச்சை எண்டு கேளுங்கோ. கடும் பச்சை, இளம் பச்சை எண்டு ஏதும் இருக்கும். இல்லாமல் இராது.” நான் மொழிபெயர்த்தேன். ஷார்லோத் சிரித்தார். அண்ணை அதை ‘இருக்கிறது, வெளியில் சொல்வதில்லை’ என்று பொருள் கொண்டு நிம்மதியடைந்தார்.

அதன் பிறகுதான் ஷார்லோத் அந்த வெடிகுண்டைப் போட்டார்.

“உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்த வருடத்திலிருந்து பன்னிரண்டு இடங்களுக்குக் குலுக்கல் இல்லை. வீட்டில் வேறொரு மொழி பேசி வளர்கிற பிள்ளைகளுக்காக ஒதுக்கியிருக்கிறோம். அந்த மொழிக்கு இங்கே ஆசிரியரும் உண்டு. தமிழுக்கு மூன்று இடம். பெற்றோர் ஒரு சான்று எழுதித் தர வேண்டும். பிள்ளை எங்கள் தமிழ் ஆசிரியையோடு கால் மணி நேரம் பேச வேண்டும். உங்களுக்கெல்லாம் அது சுலபம்தானே!”

பதினொரு குடும்பமும் பல்லைக் காட்டினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இங்கே எங்கள் சமூகத்தின் மாபெரும் சாதனை ஒன்றை நான் பதிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு செப்டம்பரும் ஆரம்பப் பள்ளியில் ஒரு படிவம் தருவார்கள். அதில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்று ஒரு கட்டம். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள், தனி வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள், பிரெஞ்சு கெட்டுவிடும் என்று ஒரு பயம். அப்படி யாரும் யாரையும் அனுப்பியதாக நான் பார்த்ததில்லை. இருந்தாலும் பயத்துக்கு ஆதாரமா வேண்டும்? எல்லாரும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நான்காவது கவுண்டருக்கு ஓடி வருவார்கள். “சார், இந்தக் கட்டத்துல என்ன எழுத?” நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொல்வேன்: “பிரெஞ்சு. பிரெஞ்சு மட்டும்.” இத்தனை வருடத்தில் எத்தனையோ குடும்பங்களை இப்படிக் கரையேற்றியிருக்கிறேன்.

படிவத்தோடு நிற்கவில்லை. கல்யாண வீடுகளில் எங்கள் உரையாடலைக் கேட்டிருந்தால் நீங்களே மெச்சியிருப்பீர்கள். “பாப்பாவுக்குத் தமிழ் வருமா?” “ஊஹும், வராது.” “கொஞ்சம்கூட?” “ஒரு வார்த்தை வராது.” “அடேயப்பா, கெட்டிக்காரி!” இந்தத் துறையில் நானே முன்னோடி. ஆலீஸ் பிறந்த நாளிலிருந்து அவளிடம் நான் ஒரு தமிழ்ச் சொல் பேசியதில்லை. சுத்தமான பிரெஞ்சு, இலக்கணப் பிழையில்லாமல். தமிழ் எனக்கும் மரியானுக்கும் இடையே மட்டும்.

மறு ஞாயிறு மதியம் அவசரக் கூட்டம். சான்று எழுத வேண்டும். அதற்கு இந்த நாட்டில் ‘அத்தெஸ்தாசியோன் சூர் லொனேர்’ என்று பெயர். வாடகை வீட்டிலிருந்து வேலையில்லாப் படி வரை எதற்கும் இதைத்தான் கேட்பார்கள். சாட்சி வேண்டாம், முத்திரை வேண்டாம். கையெழுத்துப் போட்டவனுடைய மானமே சாட்சி. நான் வாசகத்தை எழுதி, எல்லாருக்கும் புரிய வேண்டுமே என்று தமிழிலும் வாசித்தேன்:

“கீழே கையொப்பமிடும் நான், என் பிள்ளை பிறந்த நாள் முதல் வீட்டில் என்னோடு தமிழிலேயே பேசி வளர்கிறது என்று என் மானத்தின் பேரில் உறுதி கூறுகிறேன்.”

குலசேகரம் அண்ணை பேனாவை எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

“தம்பி, மானத்திலை சத்தியம் பண்ணுறதெண்டா கொஞ்சம் யோசிக்கவேணும். நானும் மனிசியும் தமிழிலைதான் கதைக்கிறம். பெட்டை பிரெஞ்சிலை திருப்பிக் கதைப்பாள். இது அரைவாசி உண்மை எல்லே? அரைவாசி மானம் வைக்க ஏலுமோ?”

“படிவத்தில் அதற்கு இடமில்லை அண்ணே.”

“அண்ணே, போட்டுத் தள்ளுங்க” என்றார் ஹரிஹரசுதன். “நாங்க வீட்ல இங்கிலீஷ்தான். நானே போடறேன், உங்களுக்கென்ன?”

அண்ணை பெருமூச்சுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். என்னுடையதுதான் இருப்பதிலேயே பச்சைப் பொய். ஆனாலும் கையெழுத்து அழகாக விழுந்தது. பத்தொன்பது வருட அனுபவம்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. ‘தீவிரத் தாய்மொழி மீட்புத் திட்டம்’ தொடங்கியது. பின்கட்டில் மாலை ஆறு முதல் ஏழு வரை பயிற்சி. ஹரிஹரசுதன் ‘மாதிரி உரை’ ஒன்றைத் தயாரித்துப் பிரெஞ்சு எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார். “என் பெயர் டேஷ். என் தாய்மொழி தமிழ். அது அமுதினும் இனியது. நான் தினமும் தமிழிலேயே சிந்திக்கிறேன்.” பதினொரு பிள்ளைகள் அரிசி மூட்டைகள் நடுவே நின்று, தமிழிலேயே சிந்திப்பதாகக் கோரஸாக ஒப்பித்தன. ஒரு வாரம் வரை மூன்று பிள்ளைகள் ‘என் பெயர் டேஷ்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தன. சாமான் வாங்க வந்த ஓர் அம்மா, கோயில் தேர்த் திருவிழாவுக்கு நாடகம் பழகுகிறார்கள் என்று நினைத்துப் பத்து யூரோ நன்கொடை கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டிலும் ஓர் ஆணை பிறப்பித்தேன். “இன்று முதல் இந்த வீட்டில் தமிழ் மட்டும்தான்.” பிரெஞ்சில்தான் சொன்னேன். ஆலீஸுக்குப் புரிய வேண்டுமே!

பிறகு சாப்பாட்டு மேசையில் நல்ல காரியத்தைத் தொடங்கிவைத்தேன். “மரியான், சாம்பார் நல்லா இருக்கு.”

ஆலீஸ் சத்தமில்லாமல் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து அறைக்குப் போனாள்.

“எங்க போறா இவ?”

“நாம ரெண்டு பேரும் தமிழ்ல பேசினா அது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம்” என்றாள் மரியான். “நாமதான அப்படிப் பழக்கி வெச்சோம்? மரியாத தெரிஞ்ச பொண்ணு, எழுந்து போறா.”

திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மகளிடம் தமிழில் என்ன பேசுவது என்று யோசித்தேன். மன்றங்களில் ஒரு மணி நேரம் தமிழில் முழங்குகிறவன் நான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. “ஸ்கூல் எப்படி?” என்றேன். “சா வா” என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். சாம்பார் ஆறிவிட்டது. எழுந்து கை கழுவினேன்.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலை. பெற்றோர் பின்சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. தமிழ் ஆசிரியையின் பெயர் தாட்சாயினி. முப்பது வயதுகூட இருக்காது. இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவளாம். அவள் யாழ்ப்பாணத் தமிழில் “வாங்கோ, இருங்கோ” என்றபோது கொமித்தே முழுவதும் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தது. இங்கே பிறந்தும் தமிழ் பேசுகிறாளே, இவளுக்குப் பிரெஞ்சு ஒழுங்காக வருமா?

முதலில் ஆர்த்திகா. “வீட்டிலை காலமை என்ன சாப்பிடுவீங்கள்? அப்பான்ரை கடையிலை என்ன விக்கிறவை?” என்று எட்டுக் கேள்விகள். எட்டுக்கும் மணியான பதில் சொன்னாள். எட்டும் பிரெஞ்சில்.

“உங்களுக்கு நான் சொல்லுறது எல்லாம் விளங்குதுதானே?”

“வீ.” பிரெஞ்சில் ‘ஆமாம்’.

“ஓம் எண்டு சொல்லு பிள்ளை, ஓம்!” பின்பெஞ்சிலிருந்து குலசேகரம் அண்ணை கத்திவிட்டார்.

“வீ, ஓம்” என்றாள் ஆர்த்திகா. அண்ணையை வெளியே போய் நிற்கச் சொன்னார்கள்.

அடுத்து கிருத்திக். மூச்சுவிடாமல் மாதிரி உரையை ஒப்பித்தான். தாட்சாயினி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அமுது எண்டா என்ன?” என்றாள்.

“தெரியாது. டாடி குடுத்த நோட்ஸ்ல இல்ல.”

“சரி, நோட்ஸை விடுங்கோ. உங்களுக்குத் தெரிஞ்ச தமிழிலை ஏதாவது சொல்லுங்கோ.”

“நான் மார்னிங் சீரியல் சாப்ட்டு, டீத் பிரஷ் பண்ணி, மெட்ரோ கேட்ச் பண்ணி ஸ்கூல் போவேன்.”

ஹரிஹரசுதன் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். மகன் இத்தனை நீளமான தமிழ் வாக்கியம் பேசி அவர் கேட்டதே இல்லையாம்.

அப்புறம் இன்னும் எட்டுப் பிள்ளைகள். எல்லார் தாய்மொழியும் அமுதினும் இனிதாகவே இருந்தது. கடைசியாக ஆலீஸ்.

என் பக்கத்தில் மரியான் ஜெபமாலையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பதினைந்து பேர் வகுப்பு, கேள்வி கேட்கிற ஓர் ஆசிரியை, எல்லாம் இந்தக் கால் மணி நேரத்தில் இருந்தது. இவளோ வாய் திறக்காதவள்.

“என் பெயர் ஆலீஸ். என் தாய்மொழி...” என்று தொடங்கினாள். குரல் எழும்பவே இல்லை.

தாட்சாயினி கையமர்த்தினாள். “பாடமாக்கினது வேண்டாம். நாங்கள் சும்மா கதைப்பம். வீட்டிலை அப்பா உங்களோடை தமிழிலை என்ன சொல்லுவார்?”

ஆலீஸ் விழித்தாள்.

“அப்பா... தமிழிலை... என்ன சொல்லுவார்?”

இந்த முறை புரிந்துவிட்டது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இது தெரிந்த பாடம். நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையை என்னைப் போலவே ஒரு முறை செருமிக்கொண்டாள். பிறகு என் மகள் வாயிலிருந்து, கணீரென்று, தங்குதடையில்லாமல், அசல் புதுச்சேரித் தமிழ் வந்தது:

“சும்மா இரு. வாய மூடு. இப்ப நேரமில்ல. அப்புறம் பாக்கலாம். போய்ப் படி. பெரியவங்க பேசும்போது குறுக்க வராத. எத்தன தடவ சொல்றது? உனக்கு ஒண்ணும் தெரியாது. மரியான், இவள உள்ள கூட்டிட்டுப் போ.”

ஒன்பது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் என் குரல், என் அலுப்பு. நேரமில்ல என்று சொல்லும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன் போலிருக்கிறது, வெறும் மணிக்கட்டை அவளும் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தால் நானே அவள் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்று நினைத்திருப்பேன். பக்கத்தில் திரும்பி மரியான் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

தாட்சாயினி பேனாவைக் கீழே வைத்தாள். “இதெல்லாம் அப்பா எப்ப சொல்லுவார்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆலீஸ் கொஞ்சம் யோசித்தாள். மாதிரி உரையிலும் இல்லாத, யாரும் சொல்லித்தராத இரண்டு சொற்களைத் தானே தேடி எடுத்தாள்.

“நான் பேசினா.”

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. தமிழுக்கான மூன்று இடங்களில் ஒன்றுதான் நிரம்பியதாம். மற்ற இரண்டையும் போர்த்துக்கீசிய மொழிக்குக் கொடுத்துவிட்டார்களாம். நிரம்பிய இடம் ஆலீஸுடையது. கூடவே ஆசிரியையின் குறிப்பு: “உச்சரிப்பு அப்பழுக்கற்றது. இது மனப்பாடத்தால் வருவதல்ல. தகப்பனார் வாயிலிருந்து தினந்தோறும் கேட்டு வளர்ந்ததன் பயன். அவர் தம் மானத்தின் பேரில் அளித்த சான்று முற்றிலும் உண்மையெனக் கண்டோம்.” கீழே பச்சை வட்டம். குலசேகரம் அண்ணை அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கடும் பச்சைதான் என்று உறுதி செய்தார்.

மரியான் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மடித்தாள். “இடம் கெடச்சிடுச்சு” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, தமிழிலும் இல்லை, பிரெஞ்சிலும் இல்லை.

ஆனால் கொமித்தே நன்றி மறப்பதில்லை. அன்றைக்குத் தேர்வறையில் நடந்ததை அண்ணை கேட்கவில்லை, அவர்தான் வெளியே நின்றாரே. கேட்ட மற்றவர்களும் வெளியில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவரவர் வீட்டிலும் எத்தனை வாக்கியம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

“பதினொரு குடும்பத்திலை உங்கடை பிள்ளை ஒண்டுதான் தமிழிலை பாஸ், தம்பி!” அண்ணை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு எங்கடை சனத்துக்கு ஒருக்காச் சொல்லவேணும். மண்டபம் எடுத்தாச்சு. நோட்டீசும் அடிச்சாச்சு.”

நோட்டீஸ் இப்போது ரூ பஜோல் கோயிலிலிருந்து கார் து நோர் வரை எல்லாக் கடைக் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிறது. என் படம், பொன்னாடையோடு. ‘என் மகளுக்கு நான் வீட்டிலேயே தமிழ் கற்பித்த விதம்: சிறப்புரை, சுப்ராயன்.’ பேச நாற்பது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒன்பது வாக்கியம்.